சுருங்காத கிரௌட்: 25 கிலோ மூட்டைக்குள் எதற்கு அந்த விலை?

பில்டிங் கெமிக்கல்ஸ் கடையில் "நான்-ஷ்ரிங்க் கிரௌட்" என்று கேட்டால் 25 கிலோ மூட்டையை எடுத்து வைப்பார்கள். தூண், இயந்திரம் போன்றவற்றின் அடித்தட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியை ஊற்றி நிரப்பும் சிமெண்ட் கலவை அது. ஃபாஸ்ராக்கின் கான்பெக்ஸ்ட்ரா ஜிபி2, சிகாவின் சிகாகிரௌட் 214 போன்றவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள். கிலோ கணக்கில் பார்த்தால் சாதாரண சிமெண்டைவிடப் பல மடங்கு விலை. உள்ளே பெரும்பங்கு போர்ட்லேண்ட் சிமெண்டும் சலித்த குவார்ட்ஸ் மணலும்தான். கலவையைப் பாயவைக்கும் இளக்கி கொஞ்சம், விரியவைக்கும் விரிவூட்டி கொஞ்சம். விலையை நியாயப்படுத்துவது அந்த விரிவூட்டி. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வாங்கினால், நல்ல மூட்டையும் சாதாரண சாந்தாகவே முடியும். எனவே இந்த மதிப்பீடு ஒரு பிராண்டைப் பற்றியது அல்ல, வகையைப் பற்றியது. எந்த மூட்டையில் எந்த விரிவு இருக்கிறது, அதைத் தளத்தில் எப்படிக் கறப்பது என்பதுதான் பேச்சு.

பேஸ் பிளேட் எனும் அடித்தட்டுக்கு அடியில் 40 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சிமெண்ட் கலவையால் நிரப்பினால் அது இரண்டு முறை தாழும். முதல் தாழ்வு கலவை இளகியிருக்கும்போதே நடக்கிறது. துகள்கள் இறங்க, நீர் மேலே வந்து தட்டின் அடியில் படலமாக நிற்கும். 1 சதவீதம் தாழ்ந்தாலே 0.4 மி.மீ. இடைவெளி விழுந்துவிடும். இரண்டாவது, இறுகிய பிறகு உலரும்போது வரும் சுருக்கம். சிமெண்ட் சாந்தில் இது ஏறக்குறைய 0.06 முதல் 0.1 சதவீதம். 40 மி.மீ. உயரத்தில் 0.03 மி.மீ. அளவுதான், அற்பமாகத் தெரியும். ஆனால் அதே சுருக்கம் 1 மீட்டர் நீளமான பட்டையில் 0.6 முதல் 1 மி.மீ. ஆகிறது. குறுக்கு வெடிப்புகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. தட்டை அடித்தளத்தோடு பிணைக்க முறுக்கி இழுத்த ஆங்கர் போல்ட்டின் இழுவிசை குறைவதற்கும் அந்த 0.03 மி.மீ. போதும்.

இரண்டு தாழ்வுக்கும் மருந்து ஒன்றல்ல. விற்பனைத் தாள்கள் பெரும்பாலும் குழப்புவது இந்த இடத்தில்தான்.

முதல் தாழ்வை ஈடுகட்டுவது வாயு. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அலுமினியத் தூள் காரக் கரைசலில் வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகளை விடுகிறது. கலவை இறுகும்வரை அந்தக் குமிழிகள் அதைத் தட்டோடு சேர்த்து அழுத்தி வைக்கின்றன. இறுகியதும் அதன் வேலை முடிந்தது. பிறகு வரும் உலர் சுருக்கத்துக்கு வாயு எதுவும் செய்யாது. வாயு விரிவு மட்டும் உள்ள மூட்டையைச் "சுருங்காதது" என்று விற்பது பாதி உண்மை.

மறுபாதியைச் செய்வது படிகம்.

எட்ரிங்கைட் எப்படித் தள்ளுகிறது

ஜெர்மனியின் எட்ரிங்கன் ஊரருகே எரிமலைப் பாறையில் கிடைத்த கனிமத்துக்கு 1874இல் எட்ரிங்கைட் என்று பெயர் வைத்தார்கள். அதே கனிமம் எல்லா சிமெண்டிலும் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் பிறக்கிறது. சூளையில் சுட்டெடுத்த சிமெண்ட் உருண்டையான கிளிங்கரில் உள்ள டிரைகால்சியம் அலுமினேட்டும் அரைக்கும்போது சேர்த்த ஜிப்சமும் நீரில் சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகின்றன. ஒரு எட்ரிங்கைட் அலகில் 32 நீர் மூலக்கூறுகள். எடையில் கிட்டத்தட்ட 46 சதவீதம் தண்ணீர்தான். அடர்த்தி 1.78 மட்டுமே. சாதாரண சிமெண்டில் கலவை குழைவாக இருக்கும்போதே இது உருவாகிவிடுவதால் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. ஜிப்சம் தீர்ந்ததும் பெரும்பகுதி மோனோசல்ஃபேட் என்ற, சல்ஃபேட் குறைந்த சேர்மமாக மாறிவிடும். சிமெண்டில் சல்ஃபர் டிரையாக்சைடுக்கு (ஜிப்சத்தின் சல்ஃபேட்டை அளக்கும் கணக்கு) உச்ச வரம்பு வைத்திருப்பதே ஜிப்சம் காலத்தில் தீர்ந்துபோக வேண்டும் என்பதற்காகத்தான்.

விரியும் கிரௌட்டில் இந்த வினையை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு, அளவையும் கூட்டுகிறார்கள். சுண்ணாம்புக்கல், பாக்சைட், ஜிப்சம் மூன்றையும் சூளையில் சுட்டால் யெலிமைட் என்ற கால்சியம் சல்ஃபோஅலுமினேட் கிடைக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் க்ளைன் இதை வைத்துத்தான் அமெரிக்காவின் "டைப் கே" விரிவு சிமெண்டை உருவாக்கினார். ஜப்பானில் டென்கா நிறுவனம் இதைக் கான்கிரீட்டில் சேர்க்கும் தூளாகவே விற்கிறது. மூலக்கூறு எண்ணிக்கையில் யெலிமைட் 1, சுண்ணாம்பு 6, நீரற்ற ஜிப்சம் 8, தண்ணீர் 96 சேர்ந்தால் எட்ரிங்கைட் 3 கிடைக்கும். அந்த 96ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கியூரிங், அதாவது ஈரம் காத்துப் பதப்படுத்துவது, பற்றி இனிச் சொல்லப்போவது முழுவதும் அதிலிருந்து வருகிறது.

படிகம் பெரிதாக இருப்பதால் கிரௌட் ஊதுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. அலுமினேட்டும் ஜிப்சமும் எட்ரிங்கைட்டாக மாறும்போது திடப்பொருளின் கன அளவு சுமார் 2.3 மடங்காகிறது, உண்மைதான். ஆனால் வினையில் செலவான தண்ணீரையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தக் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. தள்ளுவதற்குக் காரணம் படிகம் வளரும் இடம். சாந்தின் நுண்துளைக்குள் கரைசல் மிகைச்செறிவாக (கரையக்கூடியதைவிட அதிகம் கரைந்த நிலையில்) இருக்கும்வரை, படிகம் துளைச்சுவரைத் தொட்ட பிறகும் வளர்ச்சி நிற்பதில்லை. சுவரை அழுத்திக்கொண்டே வளர்கிறது. தண்ணீரோ வேறு துளைகளிலிருந்து வந்து, அந்தத் துளைகளைக் காலியாக்கிவிட்டுப் போகிறது. ஒரு பக்கம் காலி இடம், இன்னொரு பக்கம் அழுத்தம்: வெளியே நாம் அளக்கும் விரிவு இந்த அழுத்தத்தால் வருவது. சுண்ணாம்பு செறிந்த கரைசலில் இந்த அழுத்தம் கூடுதல். விரிவூட்டித் தூளில் தனிச் சுண்ணாம்பு இருப்பதற்கு அது ஒரு காரணம். சுண்ணாம்பே நீரேறி ஏறக்குறைய இரண்டு மடங்காவது இன்னொரு காரணம்.

எவ்வளவு அழுத்தம் என்பதைவிட எப்போது என்பதே முக்கியம். கலவை குழைவாக இருக்கும்போது எட்ரிங்கைட் முழுவதும் உருவாகிவிட்டால் விரிவு வீண். முழு வலிமை வந்து கல்லான பிறகு உருவானால், இழுவைத் தாங்காத சாந்து பிளக்கும். இறுகியதிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரம்: தாங்கும் அளவுக்கு வலிமை வந்திருக்கிறது, கொஞ்சம் இளகிக் கொடுக்கவும் முடிகிறது. தூளை எவ்வளவு நைசாக அரைப்பது, எவ்வளவு சுண்ணாம்பு விடுவது என்று தயாரிப்பாளர் சரிக்கட்டுவது இந்தக் காலத்தை வைத்துத்தான். நாம் மேலே ஊற்றும் கூடுதல் தண்ணீர், கூடுதல் இளக்கி, வெயில் எல்லாமே இந்தக் கணக்கைக் கலைக்கும்.

அளவைப் பற்றியும் ஒரு தெளிவு. ஜப்பானில் கான்கிரீட் சுருக்கத்தை ஈடுகட்ட கன மீட்டருக்கு 30 கிலோ வரை விரிவூட்டி சேர்க்கிறார்கள். கம்பி பிடித்திருக்கும் நிலையில் 7 நாளில் எதிர்பார்க்கும் விரிவு பத்து லட்சத்தில் 150 முதல் 250 பங்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு. கண்ணுக்குத் தெரியும்படி மேலெழும்பும் கிரௌட்டைப் பார்த்து "நல்லா விரியுது" என்று மகிழ வேண்டாம். அது வாயு.

வாங்கும்போது தாளில் எந்த வரியைப் பார்ப்பது

தொழில்நுட்பத் தாளில் ஏஎஸ்டிஎம் சி1107 என்ற அமெரிக்கத் தர எண்ணைத் தேடுங்கள். அந்தத் தரத்தில் இரண்டு உயர மாற்றங்கள் தனித்தனியாக உண்டு. சி827 முறையில் இறுகும் நேரம் வரை அதிகபட்சம் 4 சதவீதம். சி1090 முறையில் இறுகிய பிறகு 1, 3, 14, 28 நாட்களில் 0 முதல் 0.3 சதவீதத்துக்குள். வலிமை 1 நாளில் 7, 3 நாளில் 17, 7 நாளில் 24, 28 நாளில் 34 மெகாபாஸ்கலுக்குக் குறையக்கூடாது. சந்தையில் உள்ள பெரும்பாலான கிரௌட் வலிமையில் இதை எளிதாகத் தாண்டும். எனவே வலிமையை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. தேர்வு சி1090 வரியில்தான் இருக்கிறது. "விரிவு: 1 முதல் 4 சதவீதம்" என்று மட்டும் போட்டு, 28 நாள் உயர மாற்றத்தைச் சொல்லாத தாள் வாயு வகையைத்தான் காட்டுகிறது. இந்தத் தரத்தின் பழைய பதிப்புகள் இறுகுமுன் விரிவது ஏ, இறுகியபின் விரிவது பி, இரண்டும் சேர்ந்தது சி என்றே பிரித்திருந்தன. எங்கள் பரிந்துரை எப்போதும் இரண்டும் சேர்ந்த வகை. முன்பு இரும்புத் தூள் கலந்து, துருவின் விரிவை நம்பிய கிரௌட்டும் உண்டு. ஈரம் வந்துபோகும் இடத்தில் அதைத் தொட வேண்டாம்.

மூட்டை தயாரித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள். யெலிமைட், சுண்ணாம்பு, அலுமினியம் மூன்றுமே காற்றின் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகக் கூடியவை. பழைய மூட்டை இறுகும், வலிமையும் தரும், விரிவு மட்டும் இருக்காது. கட்டி தட்டாமல் இருப்பதால் நல்ல மூட்டை என்று சொல்லிவிட முடியாது. வாய் திறந்த மூட்டையை மறுநாளுக்கு வைக்கக்கூடாது. பாதி மூட்டை கலப்பதும் தவறு. போக்குவரத்தில் குலுங்கி நுண்தூள்கள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும், எந்தப் பாதியில் விரிவூட்டி போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு மூட்டை 12.5 முதல் 13.5 லிட்டர் வரை நிரப்பும். 400க்கு 400 மி.மீ. தட்டு, சுற்றிலும் 50 மி.மீ. வெளித்தோள் (தட்டுக்கு வெளியே நீளும் கிரௌட் விளிம்பு), 40 மி.மீ. உயரம் என்றால் 500 × 500 × 40 = 10 லிட்டர். ஒரு மூட்டை போதும். கணக்கில் 10 சதவீதம் சேதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளித்தோளை 50 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம். படிக விரிவு பயன் தருவது தட்டு, போல்ட், அடித்தளம் மூன்றும் அடக்கிப் பிடித்திருக்கும் இடத்தில்தான். தோள்பட்டையில் அடக்க எதுவும் இல்லை. அங்கே சாந்து சும்மா விரிந்து, பிறகு சும்மா சுருங்கி, வெடிக்கும்.

தளத்தில்

பழைய கான்கிரீட் மேல்பரப்பின் சிமெண்ட் பால் போகும்வரை கொத்திவிட்டு, தூசியை ஊதி எடுத்து, முந்தைய நாளே தண்ணீர் கட்டி வையுங்கள். ஊற்றுமுன் தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிட வேண்டும். காய்ந்த அடித்தளம் கிரௌட்டின் தண்ணீரை உறிஞ்சும். படிகத்துக்குப் போகவேண்டிய 96இல் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

ஊற்றத்தக்க பதத்துக்கு மூட்டைக்கு 4 முதல் 4.5 லிட்டர் தண்ணீர் என்பது இந்த வகையின் வழக்கமான அளவு. மூட்டையில் அச்சிட்டதே இறுதி. அளவு ஜாடியால் அளந்து ஊற்றுங்கள், பக்கெட் கண்கணக்கு வேண்டாம். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரை முதலில் விட்டு, தூளை மெதுவாகக் கொட்டி, வேகம் குறைந்த டிரில்லில் துடுப்பு மாட்டி 3 முதல் 5 நிமிடம் கலக்குங்கள். மீதித் தண்ணீர் அதற்குப் பிறகு. அதிவேக டிரில் காற்றை அடித்து உள்ளே விடும், மேலே நுரை கட்டும். குடிநீர்தான் பயன்படுத்த வேண்டும். இந்தியக் கான்கிரீட் தரமான ஐஎஸ் 456 கலவை நீரில் சல்ஃபேட்டுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரம்பு வைக்கிறது. உப்புக்கரிக்கும் போர் தண்ணீரைச் சோதிக்காமல் இந்த மூட்டையில் ஊற்றுவது விரிவுக் கணக்கில் தெரியாத ஒரு சல்ஃபேட்டைச் சேர்ப்பதாகும்.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும், நிறுத்தாமல் ஊற்றி, எதிர்ப்பக்கம் தட்டின் அடிமட்டத்துக்கு மேலே எழும்பும்வரை விடுங்கள். இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று சிறைப்படும். பெரிய தட்டுக்கு ஊற்றும் பக்கத்தில் பெட்டி கட்டி 150 மி.மீ. உயர அழுத்தம் கொடுத்தால் தானாகப் பாயும். ஷட்டரிங் இடுக்குகளை அடைக்காவிட்டால் பால் ஒழுகி மணல் மட்டும் நிற்கும். கலந்த 15 நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு மறுபடி கலக்கினால் வாயுவும் போயிற்று, முதல் படிகங்களும் உடைந்தன. அதைக் கொட்டிவிடுவதே மலிவு.

சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் பொருளின் பெரிய பலவீனம் வெளிப்படும். வாயு வினை சூட்டில் விரைவாக முடிந்துவிடும். பக்கெட்டிலேயே பாதி தீர்ந்து, தட்டுக்கு அடியில் மிச்சம் இருக்காது. அதிகாலையில் ஊற்றுங்கள். மூட்டைகளை நிழலில் வையுங்கள். தட்டின் மேல் ஈரச் சாக்கு போட்டுக் குளிரவைத்து, ஐஸ் நீரில் கலந்து, கலவை 30 டிகிரிக்குக் கீழ் இருக்கும்படி பாருங்கள். ஐஸும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

தடிமன் 100 மி.மீ.யைத் தாண்டினால் உள்ளே எழும் சூடு வேறொரு சிக்கலைக் கொண்டுவரும். சிமெண்ட் செறிந்த கலவை இது. நடுவில் சுமார் 70 டிகிரியைத் தாண்டினால் எட்ரிங்கைட் நிலைக்காது. சல்ஃபேட் அப்போதைக்கு மற்ற நீரேற்றப் பொருள்களில் ஒளிந்துகொள்ளும். ஆறிய பிறகு, ஈரம் தொடர்ந்து இருந்தால், மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துக் கல்லான சாந்துக்குள் மீண்டும் படிகமாகித் தள்ளும். நீராவியில் அதிகச் சூட்டில் பதப்படுத்திய கான்கிரீட் ரயில்வே ஸ்லீப்பர்கள் பல நாடுகளில் இப்படித்தான் வெடித்தன. தடித்த இடங்களில் 10 மி.மீ.க்கு உட்பட்ட கழுவிய ஜல்லியை கிரௌட் எடையில் கால் முதல் அரைப் பங்கு வரை தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குச் சேருங்கள். சூடு குறையும், செலவும் குறையும்.

கியூரிங்கில் சமரசம் கிடையாது. வெளித்தெரியும் பரப்பை ஊற்றியவுடன் மூடி, இறுகியதும் ஈரச் சாக்கும் பாலித்தீனும் போட்டு 7 நாள் வையுங்கள். முதல் இரண்டு நாளில் காய்ந்தால் யெலிமைட்டுக்குத் தண்ணீர் எட்டாது, விரிவு நின்றுவிடும். சுருக்கம் மட்டும் நிற்காது. மாதம் கழித்து மழையில் நனைந்தால் மிச்ச யெலிமைட் அப்போது வினைபுரியும், தவறான காலத்தில்.

சோதித்து வாங்க விரும்புவோர் 1000 மி.லி. கண்ணாடி அளவுருளையில் 800 மி.லி. கலவை ஊற்றி, வாயை மூடி, முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறையும் பிறகு மணிக்கு ஒருமுறையும் மட்டத்தைக் குறியுங்கள். மேலே தெளிந்த நீர் நின்றால் தண்ணீர் அதிகம் அல்லது பொருள் தரக்குறைவு. மட்டம் எழவே இல்லையென்றால் வாயு செத்த மூட்டை. படிக விரிவை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு ஆய்வகத்தின் சி1090 அறிக்கையைத்தான் கேட்க வேண்டும். வலிமைச் சோதனைக்குக் கியூப் வார்க்கும்போது அச்சின் மேல்பக்கத்தைத் தட்டு வைத்து இறுக்குங்கள். திறந்த அச்சில் கலவை தடையின்றி எழும்பி, உண்மையைவிடக் குறைந்த வலிமையைக் காட்டும். நல்ல மூட்டையை அதனால் நிராகரித்துவிடுவது உண்டு.

வெடிப்பு வந்தால் அதன் வயதைக் கேளுங்கள். முதல் நாளே ஓரத்தில் மயிரிழை என்றால் காற்றும் வெயிலும். ஒரு வாரம், மாதத்துக்குள் தோள்பட்டையில் குறுக்காக வந்தால் கியூரிங் குறைவு அல்லது அகலமான தோள். ஓராண்டு கழித்து, ஈரமான அடித்தளத்தில், வலைபோல் விரிந்துகொண்டே போனால்தான் மேலே சொன்ன, சூட்டால் தாமதமாகப் பிறக்கும் எட்ரிங்கைட்டையோ நிலத்துச் சல்ஃபேட்டையோ சந்தேகிக்க வேண்டும். உருப்பெருக்கியில் காற்றுக்குழியில் வெள்ளை ஊசிகளைக் கண்டு மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஈரமான பழைய கான்கிரீட் எல்லாவற்றிலும் எட்ரிங்கைட் கரைந்து வந்து காலி இடங்களில் அமைதியாகப் படிகிறது. அது குற்றவாளி அல்ல.

மலிவு வழியாகச் சிலர் சிமெண்ட் சாந்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து "விரியும் கலவை" செய்கிறார்கள். சல்ஃபேட்டைக் கணக்கில்லாமல் சேர்ப்பதுதான் அது. சீக்கிரம் இறுகுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மிச்ச ஜிப்சம், சிமெண்டின் அலுமினேட்டோடு மாதக்கணக்கில் எட்ரிங்கைட் ஆகிக்கொண்டே இருக்கும். ஈரம் படும் இடத்தில் அந்தச் சாந்து கையோடு உதிரும்.

யார் வாங்கலாம்? தூண் பேஸ் பிளேட், பம்ப், மோட்டார், கம்ப்ரஸர் அடித்தளம், பாலத் தாங்கிகளுக்கு அடியில்: சி1090 அறிக்கை உள்ள, வாயுவும் படிகமும் சேர்ந்த வகை, தயங்காமல். கைப்பிடிக் கம்பி, வேலிக் கால் நடுவதற்கு இது தேவையில்லை, கெட்டியாக அடித்து இறக்கிய 1:3 சாந்து போதும். இடைவிடாத பலத்த அதிர்வு, அமிலம், எண்ணெய் உள்ள இடத்தில் சிமெண்ட் கிரௌட் எதுவும் நீண்டநாள் நிற்காது. அங்கே பிசினால் ஆன எபாக்சி கிரௌட்டுக்குப் போங்கள். 10 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளிக்கும் இந்த மூட்டை வேண்டாம், மணல் அடைத்துக்கொண்டு பாயாது.